சிறைக்குள் கோவில் கட்டிய முனிவர்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 16ஆம் திகதி இலங்கைத் திருச்சபை புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாளைக் கொண்டாடுகிறது. திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம்; அவருடைய சுரூபத்துக்கு மாலை சாத்துகிறோம்; பிள்ளைகளுக்கு அவருடைய பெயரை இடுகிறோம். ஆனால் அவருடைய சரிதையைக் கேட்டால், வரட்சிக் காலத்தில் மழையை வருவித்த முனிவர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வோரே நம்மில் அதிகம். மழை ஒரு நாளில் பெய்து ஓய்ந்தது. அந்த மழைக்கு முன்னும் பின்னுமாக அவர் இந்நாட்டில் கழித்த இருபத்து நான்கு ஆண்டுகளை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் இது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், துன்பம் தொடாத வீடு அரிது. நீண்ட யுத்தம், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி பொங்கி வந்த கடல், 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று வெடித்த குண்டுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செபித்தும் மனதில் சமாதானம் இல்லையே என்று கேட்போரைச் சந்திக்காத பங்குக் குரு இப்பகுதியில் இருக்கமாட்டார். அப்படிக் கேட்போருக்குப் புத்தக விளக்கம் சொல்வதிலும் பார்க்க, ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொல்வது நல்லது. இந்நாட்டில் கால் வைத்த நாள் முதல் ஒளிந்தும், சிறையிருந்தும், கொள்ளை நோயாளர் நடுவே கிடந்தும் வாழ்ந்த ஒருவருடைய வாழ்க்கை அது.

யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவா நாட்டில், தாயாரின் ஊராகிய பெனாவ்லிமில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாம் வாஸ், சங்கோலே என்ற ஊரைச் சேர்ந்தவர். தாயார் மரியா த மிராண்டா. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட பிராமண குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அது. ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். போர்த்துக்கேயமும் இலத்தீனும் கற்றபின், கோவா நகரில் இயேசு சபையாரிடமும் சாமிநாதர் சபையாரிடமும் மேற்படிப்பை முடித்து, 1676ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். குருவானபின் பாதரட்சை அணிவதை விட்டுவிட்டார். வசதியான குடும்பத்துப் பிள்ளை, ஏழைகள் நடப்பது போல் வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கியது ஊரில் பேச்சாகியிருக்கும்.

மறு ஆண்டு, 1677ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் திகதி, அவர் ஒரு சாசனம் எழுதினார். தம்மைத் தேவ தாயாரின் நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுத்து எழுதிய சாசனம் அது. இன்று நாம் பாட்டிலும் செபத்திலும் அடிமை என்ற சொல்லைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைய கோவாவில் மனிதர் சந்தையில் விற்கப்பட்டனர். அடிமைக்குச் சொந்த ஊர் இல்லை, சொந்த நேரம் இல்லை, தன் உடலின் மேலும் உரிமை இல்லை. அதை நாளாந்தம் கண்ணால் கண்ட ஒருவர் அந்தச் சொல்லை யோசித்தே எழுதியிருப்பார். அவருடைய பிற்கால வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்தச் சாசனம் ஒரு திறவுகோல். தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவரிடம் பறிப்பதற்கு எதிரிக்கு என்ன இருக்கும்?

1681ஆம் ஆண்டு முதல் சுமார் மூன்று ஆண்டுகள் கன்னடக் கரையில் பணி செய்தார். கோவாப் பேராயத்துக்கும் பாப்பரசர் நியமித்த ஆயருக்கும் இடையில் அங்கே அதிகாரப் போட்டி நடந்தது. யார் பக்கம் நிற்பது என்று மக்கள் திகைத்தனர். இரு தரப்பாருடனும் பேசி, மக்களுடைய ஆத்துமங்களுக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொண்டார். திருச்சபைக்குள் நடக்கும் சண்டையில் சமாதானத்தை இழக்காதிருப்பது, வெளியார் தரும் துன்பத்தைச் சகிப்பதிலும் பார்க்கக் கடினம் என்பது குருமாருக்குத் தெரியும்.

கோவாவுக்குத் திரும்பியபின் 1685ஆம் ஆண்டு, சுதேச குருமார் சிலர் சேர்ந்து வாழ்ந்த ஒரு சிறு குழுவில் இணைந்தார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. புனித பிலிப்பு நேரியின் ஒறட்டோரியன் சபை ஒழுங்குகளைத் தழுவி, அக்குழுவை ஒரு சபையாக உருவாக்கினார். அதன் தலைவராகவும் தெரிவானார். ஆனால் அவருடைய நெஞ்சு இலங்கையில் இருந்தது.

இலங்கையில் அப்போது நிலைமை என்ன? ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின. கத்தோலிக்கக் குருமார் எல்லாரும் வெளியேற்றப்பட்டனர். குருவானவரை வீட்டில் மறைத்து வைப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஆலயங்கள் பறிக்கப்பட்டு, ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்கும் பாடசாலைகளுக்கும் பயன்பட்டன. பிள்ளையின் ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்தரின் தோம்பில் பதியப்பட்டாலன்றி, முதுசம் சேர்வதிலும் சிக்கல் வந்தது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் நமக்குச் செய்ததை அவர்களுக்கு முன் ஆண்ட கத்தோலிக்கராகிய போர்த்துக்கேயர் சைவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் செய்திருந்தனர். அதைப்பற்றிப் பிறகு வருவோம்.

இருபத்தொன்பது ஆண்டுகள் குருவானவர் இல்லாமல் நம் முன்னோர் வாழ்ந்தனர். குடியானவரும் மீன்பிடிப்பவரும் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைத் தணித்து, தாழ்ந்த குரலில் செபமாலை சொன்னார்கள். தாய்மார் பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் செவிவழியே சொல்லிக்கொடுத்தார்கள். திருப்பலியைக் கண்டிராத ஒரு தலைமுறை வளர்ந்தது. விசுவாசம் அழியவில்லை. குடும்ப செபத்தின் வலிமையை விளக்க நமக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

இந்த மக்களுக்காகவே 1686ஆம் ஆண்டு அடிகளார் தலைமைப் பதவியை விட்டு, அனுமதி பெற்றுப் புறப்பட்டார். யோவான் என்ற விசுவாசமான ஊழியர் கூட வந்தார். தெற்கு நோக்கி நடந்து, தூத்துக்குடியை அடைந்தனர். குருவானவரின் அங்கியைக் களைந்து, கூலியாளைப்போல் ஒரு துண்டை அரையில் கட்டிக்கொண்டு, 1687ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளை அண்டிய நாட்களில் கப்பல் ஏறினார். கடல் கொந்தளித்தது. பாய்க்கப்பல் வழிதவறி அலைந்தது. உணவும் தண்ணீரும் குறைந்தன. யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது கடும் வயிற்றுளைவு கண்டு நடக்கமுடியாத நிலையில் இருந்தார். அந்நியப் பிச்சைக்காரன் நோயோடு வந்திருக்கிறான் என்று எல்லாரும் விலகினர். ஒரு பெண்மணி கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினார் என்று சரிதையாளர் எழுதியிருக்கின்றனர். அந்த அம்மாளின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. இலங்கைத் திருச்சபை மறுபடியும் உயிர்பெற்றதற்கு அந்தக் கஞ்சியும் ஒரு காரணம்.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் அவர் செய்தது என்ன? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். கத்தோலிக்கர் யார், யாரை நம்பலாம் என்று அறிய அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. காட்டிக்கொடுக்க நினைக்கும் ஒருவன் போதும், கதை முடிந்துவிடும். அந்த ஆபத்தின் நடுவே, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு குடும்பம் அவரை அடையாளங்கண்டது. பின் இன்னொன்று. இரவில் திருப்பலி, இரவில் பாவசங்கீர்த்தனம், விடியுமுன் அடுத்த ஊர். தமிழைக் கற்றுக்கொண்டார். விசுவாசத்தில் உறுதியானவர்கள் நிறைந்த சில்லாலை என்ற ஊர் அவருக்கு இருப்பிடமாயிற்று. இன்றும் யாழ்ப்பாணத்தில் சில்லாலையின் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருபவர் அவரே.

செய்தி ஒல்லாந்தர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் கூடியிருந்த இடத்தைச் சிப்பாய்கள் சுற்றிவளைத்தனர். பலர் பிடிபட்டனர். முன்னின்றவர்கள் கடுந்தண்டனை பெற்றனர். அடிகளார் மட்டும் அவர்கள் கையில் அகப்படவில்லை. இதை ஒரு புதுமையாகச் சொல்லி மகிழ்கிறோம். அந்த இரவுக்குப் பிறகு அவருடைய உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்று நினைப்பதில்லை. தம்மை வைத்துக் காப்பாற்றியவர்கள் அடிபட, தாம் தப்பிவிட்டார். யுத்த காலத்தில் பக்கத்து வீட்டார் கொண்டுபோகப்பட, தான் மட்டும் மிஞ்சியவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பாரம் எப்படிப்பட்டதென்று அவர்களுக்குத் தெரியும். தாம் அங்கே இருப்பது அம்மக்களுக்கே ஆபத்து என்றாகிவிட்ட நிலையில், 1690ஆம் ஆண்டு அவர் புத்தளத்துக்குப் போனார். அது கண்டி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட கரை. ஓராண்டளவில் அங்கு பணி செய்தார். செபத்தை விடவில்லை, பணியையும் விடவில்லை. துக்கம் தீர்ந்தபின் தொடரலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

1692ஆம் ஆண்டு கண்டி மாநகரை நோக்கி மலையேறினார். அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பு விலங்கு. அரசவையில் லானெரோல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். கத்தோலிக்கத்தை வெறுத்த கல்வீனிய மதத்தவர். வருகிறவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று மன்னரிடம் கோள் சொன்னார். அடிகளாரையும் யோவானையும், அவர்களோடு வந்த இன்னொரு கத்தோலிக்கரையும் பிடித்துச் சிறையில் போட்டனர்.

எவ்வளவு எதிர்பார்ப்போடு வந்திருப்பார்! ஒல்லாந்தரின் கை எட்டாத சுதந்திர இராச்சியம், அங்கே எவ்வளவோ செய்யலாம் என்று வந்தவருக்கு நான்கு சுவர்தான் மிஞ்சியது. எப்போது விடுதலை, விடுதலை உண்டா என்பதும் தெரியாது. இந்த இடத்தில்தான் அவருடைய செபம் எத்தகையது என்று நாம் பார்க்கிறோம். அவர் சிறைக்குள் சிங்களம் கற்கத் தொடங்கினார். கத்தோலிக்கத் தமிழருக்காக வந்தவர், தம்மைப் பூட்டிவைத்தவர்களின் மொழியைப் படித்தார். தப்பி ஓடமாட்டார் என்று காவலருக்கு நம்பிக்கை வந்ததும், கட்டுக்காவல் தளர்ந்தது. சிறை வளவுக்குள் ஓலையால் ஒரு கொட்டில் போட்டு, அதை ஆலயமாக்கினார். மற்றக் கைதிகள் வந்து எட்டிப் பார்த்தனர். நகரத்திலிருந்த கத்தோலிக்கரும் மெல்ல மெல்ல வரத் தொடங்கினர். காலப்போக்கில் அக்கொட்டிலின் இடத்தில் தேவ தாயாருக்கு அர்ப்பணித்த ஓர் ஆலயமே எழுந்தது.

சிறை மாறவில்லை, அவரும் சிறையை விட்டுப் போகவில்லை. ஆனால் சிறை என்பது அவருக்கு ஒரு பங்காகிவிட்டது. செபம் என்றால் கஷ்டத்தை நீக்கும்படி கேட்பது மட்டும் என்று நினைப்போர், இந்த ஓலைக் கொட்டிலைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கவேண்டும். கேட்டது கிடைக்காத நாட்களில் அவர் கட்டியது அது.

சில காலத்தின் பின் நாட்டில் வரட்சி வந்தது. மன்னர் அடிகளாரிடம் மழைக்காகச் செபிக்கும்படி சொல்லி அனுப்பினார். அவர் பொது வெளியில் பீடமும் சிலுவையும் நாட்டி முழந்தாளிட்டுச் செபித்தார். மழை கொட்டியது, அவரும் பீடமும் நனையவில்லை என்று மரபு சொல்கிறது. மன்னர் அவருக்குத் தமது இராச்சியத்தில் வேதத்தைப் போதிக்கச் சுதந்திரம் கொடுத்தார். இந்நிகழ்ச்சியைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை, எல்லாரும் அறிந்ததே. மழையிலும் பார்க்க எனக்கு வியப்பைத் தருவது அந்த மன்னரே.

அவர் பெயர் இரண்டாம் விமலதர்மசூரியன். 1687 முதல் 1707 வரை கண்டியை ஆண்டவர். உறுதியான பௌத்தர். இலங்கையில் பிக்குமாரின் உபசம்பதா அற்றுப்போகும் நிலையில், 1697ஆம் ஆண்டளவில் அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்து அதை மீண்டும் நிலைநாட்டியவர். தமது மதத்தில் அவ்வளவு பற்றுள்ள ஒருவர், ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்கக் குருவானவருக்கு இடங்கொடுத்தார்.

இது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. இவருடைய பாட்டனார் செனரத் மன்னர். 1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கதியற்று வந்தவர்களைச் செனரத் மன்னர் ஏற்று, பெருந்தொகையானோரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார். சுமார் 4,000 பேர் என்று போர்த்துக்கேய வரலாற்று நூல்களே சொல்கின்றன. முன்பே இக்கரையில் வாழ்ந்த முஸ்லிம்களோடு அவர்கள் கலந்தனர். காத்தான்குடி போன்ற ஊர்களின் பூர்வீகத்தைப் பேசுவோர் இந்த நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவதில்லை. பாட்டனார் கத்தோலிக்கர் துரத்திய முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். பேரன் ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்கருக்கு அடைக்கலம் கொடுத்தார். ஒரே கதவினால்தான் இரு பகுதியாரும் உள்ளே வந்திருக்கிறோம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் போகும் பஸ்ஸில் நாவற்குடாவைத் தாண்டினால் காத்தான்குடி வரும். அதைத் தாண்டினால் ஆரையம்பதி. சில மைல் தூரத்துக்குள் கோவில், பள்ளிவாசல், மீண்டும் கோவில். இந்த ஊர்களுக்கிடையில் என்ன நடந்ததென்று நமக்குத் தெரியும். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டுக்குச் சிறுவர்களும் பலியாயினர். அன்று நாட்டில் நடந்த தாக்குதல்களின் தலைவன் காத்தான்குடியில் பிறந்தவன் என்பதனால், அவனை ஏற்றுக்கொள்ளாத அவ்வூர் மக்களும் அந்தப் பழியைச் சுமந்தனர். தொழுதுகொண்டிருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள், செபிக்க வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். இரு பக்கத்துத் தாய்மாரின் கண்ணீருக்கும் வேற்றுமை இல்லை. அண்டை ஊர்வழியாகப் பஸ்ஸில் போகும்போது நெஞ்சு இறுகுகிறதென்றால், நமது செபத்தில் இன்னும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். யோசேவாஸ் அடிகளார் அந்த இடத்தை எப்படிக் கடந்தார் என்பதை 1697ஆம் ஆண்டு நடந்தது காட்டுகிறது.

அந்த ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. அம்மைக்கு மருந்து அறியாத காலம். தடுப்பூசி வந்தது நூறாண்டுகளுக்குப் பிறகு. மன்னரும் பிரதானிகளும் நகரை விட்டு வெளியேறினர். அம்மை கண்டவரைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்வது சுலபம். வீட்டில் மிஞ்சிய பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. சமீபத்தில் 2020ஆம் ஆண்டு கொரோனா வந்தபோது, நோய் கண்டவரின் வீட்டைக் கண்டு நாம் எவ்வளவு தூரம் விலகிப் போனோம் என்பதை நினைத்தால் போதும்.

அடிகளார் நகரை விட்டுப் போகவில்லை. கோவாவிலிருந்து அப்போதுதான் உதவிக்கு வந்திருந்த அவருடைய மருமகனார், யோசேப் கர்வாலோ என்ற இளங்குருவும் கூட நின்றார். கைவிடப்பட்ட வீடுகளில் நோயாளரைச் சேர்த்தனர். காட்டில் குடிசைகள் போட்டனர். கஞ்சி காய்ச்சிப் பருக்கினர், புண்ணைக் கழுவினர், இறந்தவர்களைத் தோளில் சுமந்து போய்ப் புதைத்தனர். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. அவர் பூட்டப்பட்டிருந்த காலத்தில் அவரை ஒற்றர் என்று நம்பி ஒதுங்கிய நகரம் அது. அந்த நகரத்தின் புண்ணை அவர் கழுவினார். அதிகாலையில் திருப்பலி, பின்பு நோயாளர், இரவில் மீண்டும் செபம் என்று நாட்கள் கழிந்தன. செபம் ஒரு பக்கமும் சேவை ஒரு பக்கமுமாக அவரிடம் பிரிந்து கிடக்கவில்லை.

இதன்பின் மன்னருக்கு அவர்மேல் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. அடிகளார் எங்கும் போகலாம், எதையும் போதிக்கலாம் என்ற நிலை வந்தது. மழைக்குக் கிடைத்தது அனுமதி. அம்மைக்குக் கிடைத்தது நம்பிக்கை. இரண்டும் ஒன்றல்ல.

அதற்கிடையில் கொச்சி ஆயர் அவரை இலங்கைக்கு விக்கார் ஜெனரலாக நியமித்திருந்தார். கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்தனர். 1705ஆம் ஆண்டு வந்தவர்களில் ஒருவர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். சிங்களத்திலும் தமிழிலும் வேத நூல்கள் எழுதியவர். தபசு காலத்தில் நமது ஆலயங்களில் பாடப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதியதே. இலங்கை எட்டு மறைப்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவானவர் பொறுப்பானார். குருவானவர் வரமுடியாத நாட்களில் மக்களைக் கூட்டிச் செபம் நடத்த, ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என்று பொதுநிலையினரை நியமித்தார்கள். மட்டக்களப்பில் அண்ணாவியார் என்றால் நமக்குக் கூத்துக் களரிதான் ஞாபகம் வரும்; கோவிலிலும் ஒரு அண்ணாவியார் இருந்தார் என்பதை இளைஞர் அறியவேண்டும். இருபத்தொன்பது ஆண்டு குருவானவர் இல்லாத காலத்தில் மக்கள் தாமாகச் செய்ததை, அடிகளார் ஓர் ஒழுங்காக்கினார். இனியும் அப்படி ஒரு காலம் வரலாம் என்பதை அவர் மறக்கவில்லை.

அவரை ஆயராக்கும் எண்ணமும் எழுந்தது. அவர் இணங்கவில்லை. கால்நடையாகவே நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சென்றார். ஒல்லாந்தரின் கொழும்புக்குள்ளும் மாறுவேடத்தில் போய்த் திருவருட்சாதனங்களை நிறைவேற்றினார். திருகோணமலை, மட்டக்களப்பு என்று நமது கிழக்குப் பகுதியும் அவருடைய பயணங்களில் அடங்கும் என்று சரிதையாளர் எழுதுகின்றனர். வாவியைக் கடந்து போகும் அந்தப் பயணங்களில் காட்டுப் பாதை, காய்ச்சல், யானை எல்லாம் இருந்தன. பாதரட்சை மட்டும் இல்லை.

1707ஆம் ஆண்டு விமலதர்மசூரிய மன்னர் இறந்தார். அவருடைய மகன் வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் தந்தையிலும் அதிகமாக ஆதரவு காட்டினார். ஆனால் அடிகளாரின் உடல் தளர்ந்துவிட்டது. 1710ஆம் ஆண்டு, உடல்நலம் குன்றியிருந்தும், மீண்டும் ஒரு நீண்ட பயணம் போனார். திரும்பி வரும்போது காய்ச்சலோடு வந்தார். நோய் ஒருவாறு தணிந்தது, பலம் திரும்பவில்லை. சபை ஒழுங்கின்படி செய்யவேண்டிய ஞான ஒடுக்கத்தை, ஓய்வெடுக்கும்படி மற்றவர்கள் சொல்லியும் தவிர்க்காமல் தொடங்கினார். அது முடியுமுன், 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி, கண்டியில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தொன்பது. சாகும் நேரத்தில் கூடியிருந்த குருமாருக்கு அவர் சொன்னதன் கருத்து, வாழ்நாளெல்லாம் பழகாததை மரண வேளையில் செய்வது எளிதல்ல என்பதாகும். தாம் பழகிவந்ததையே அவர் அன்றும் செய்தார்.

கோவாவை விட்டு வந்தபின் அவர் ஒருமுறையும் திரும்பிப் போகவில்லை.

பரிசுத்த பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தி, அன்று பிற்பகலே மடு மாதாவின் திருத்தலத்துக்குச் சென்றார். யுத்தத்தில் பிள்ளைகளை இழந்த தமிழ்த் தாய்மாரும் சிங்களத் தாய்மாரும் அங்கே ஒன்றாகக் காத்திருந்தனர்.

கண்டியில் அடிகளார் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் இன்று இல்லை. 1740களில் அரசியல் காற்று மாறி, குருமார் வெளியேற்றப்பட்டபோது ஆலயங்கள் இடிக்கப்பட்டன. அவருடைய கல்லறை எங்கே இருந்தது என்று இன்றுவரை கண்டறியப்படவில்லை. திருப்பண்டமாக எடுத்து வணங்க அவருடைய ஓர் எலும்புகூட இந்நாட்டுத் திருச்சபையிடம் இல்லை. தலதா மாளிகையும் வாவியும் உள்ள அந்த நகரத்தில் எங்கோ ஓரிடத்தில், அவர் கழுவிப் புதைத்த அம்மை நோயாளரைப் போலவே, அடையாளம் எதுவும் இன்றி அவர் உறங்குகிறார்.